புது மாடல் வரப்போகிறதாம். புக் செய்த காரை எடுப்பதா, காத்திருப்பதா?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய குடும்பத்தில் 2013-இல் வாங்கிய சிறிய கார் ஒன்று இருக்கிறது. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் செலவாகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அவருடைய அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் சேலத்தில் டயாலிசிஸ் நடக்கிறது. அண்மையில் இரண்டு முறை கார் வழியிலேயே நின்றுவிட்டது. ஆகவே நான்கு மீட்டருக்கு உட்பட்ட பெட்ரோல் எஸ்.யு.வி. ஒன்றை 11,000 ரூபாய் கட்டி புக் செய்திருக்கிறார். எக்ஸ்-ஷோரூம் விலை 9.60 லட்சம். மாதக் கடைசிக்குள் எடுத்தால் 65,000 ரூபாய் தள்ளுபடி உண்டு. கையிருப்பில் இருக்கும் வண்டி சென்ற ஆண்டு இறுதியில் தயாரானது என்பது பேச்சுவாக்கில் தெரியவந்திருக்கிறது.

இதற்கிடையில் அவருடைய அண்ணன், "ஐந்தாறு மாதத்தில் அடியோடு மாறிய புது மாடல் வருகிறது, பழசைத் தள்ளிவிடத்தான் இந்தத் தள்ளுபடி" என்று சொல்ல, வீட்டில் குழப்பம். விற்பனையாளரோ தங்களுக்கு அப்படி எந்தத் தகவலும் இல்லை என்கிறார். புக்கிங் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றும் சொல்கிறார். இப்போது வாங்குவதா, காத்திருப்பதா? வாங்கிய சில மாதங்களில் புது மாடல் வந்துவிட்டால், மறைத்து விற்றதற்காக நஷ்டஈடு கேட்க முடியுமா? வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்த 11,000 போனது போனதுதானா? கேள்விகள் இவை மூன்று. மாடல் நின்றுவிட்டால் உதிரிபாகம் கிடைக்காது என்ற பயமும், புது மாடலை முதல் வருடத்தில் வாங்கினால் கோளாறு வரும் என்ற பயமும் கூடவே இருக்கின்றன.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் காரைப் பற்றிய பக்கங்களைவிட, அப்பாவின் மருத்துவப் பயணத்தைப் பற்றிய நான்கு வரிகள்தான் என் பதிலைத் தீர்மானித்தன. குறித்த நேரத்துக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய ஒருவர் வீட்டில் இருக்கும்போது, நம்ப முடியாத வண்டியை வைத்துக்கொண்டு, தேதியும் விலையும் அறிவிக்கப்படாத ஒரு காருக்காகக் காத்திருப்பது சரியாகாது என்பதே என் கருத்து. அதற்காக, மாதக் கடைசி என்ற நெருக்கடியில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றில் ஒன்று சரியில்லை என்றால் இந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

நீங்கள் கேட்டிருப்பது "இப்போதா, பிறகா" என்பது. என்னைக் கேட்டால், அறிவிக்கப்பட்ட மாற்றத்துக்காகக் காத்திருக்கிறோமா, காதில் விழுந்த செய்திக்காகக் காத்திருக்கிறோமா என்பதைத்தான் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் தம் சுதந்திர தின உரையில் ஜி.எஸ்.டி. குறைப்பு வரும் என்று அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று கவுன்சில் கூடி விகிதங்களை முடிவு செய்தது. செப்டம்பர் 22 முதல் உங்கள் கார் வகைக்கு, அதாவது நான்கு மீட்டருக்கும் 1,200 சி.சி.க்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கு, 28 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியுமாக இருந்த வரி 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஐந்து வாரம் காத்திருந்தவர்கள் புத்திசாலிகள். செப்டம்பர் 3 முதல் தேதி தெரிந்திருந்தது, என்ன மிச்சமாகும் என்று கணக்கும் போட முடிந்தது. உங்கள் அண்ணன் சொல்லும் காருக்குத் தேதியும் இல்லை, விலையும் இல்லை, எந்த வேரியன்டில் என்ன இருக்கும் என்ற பட்டியலும் இல்லை. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்; இருந்தாலும், இல்லாத விலையோடு இருக்கும் விலையை ஒப்பிட முடியாது.

அறிமுக நாளும் வண்டி உங்கள் கைக்கு வரும் நாளும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் மஹிந்திராவின் தார் ராக்ஸுக்கு புக்கிங் திறந்தபோது முதல் ஒரு மணி நேரத்திலேயே 1,76,218 பேர் பதிவு செய்தார்கள். எல்லா மாடலுக்கும் இத்தனை கூட்டம் சேராதுதான். ஆனால் பேசப்படும் ஒரு புது மாடலுக்கு முதல் சில மாதங்கள் வரிசை இருக்கவே செய்யும், வரிசை இருக்கும்வரை தள்ளுபடி என்ற பேச்சே இருக்காது. உங்கள் "ஐந்தாறு மாதம்" எளிதாக எட்டு, ஒன்பது மாதமாகிவிடும்.

பணக் கணக்கு: பத்து லட்சம் என்ற கோடு

உங்கள் கடிதத்தில் வராத ஒரு விஷயம் இது; என் பார்வையில் 65,000 ரூபாய் தள்ளுபடியைவிடப் பெரியது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கான ஆயுள்கால வரி விலைக்கு ஏற்ப மாறுகிறது. ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் கூடுதல் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முழு விலைக்கும் அதே விகிதம்தான்.

உங்கள் கார் 9.60 லட்சம் என்றால் 13 சதவீதத்தில் வரி 1,24,800 ரூபாய். மறுவடிவம் பெற்ற கார் ஒரு பேச்சுக்கு 10.20 லட்சம் என்று வந்தால், விலையில் கூடுவது 60,000 ரூபாய்தான். ஆனால் 18 சதவீதத்தில் வரி 1,83,600 ஆகிவிடும். வரியில் மட்டும் 58,800 ரூபாய் கூடுகிறது. இழக்கும் தள்ளுபடியையும் சேர்த்தால் வித்தியாசம் 1,83,800 ரூபாய். பத்து லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம்) வேறு பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், வாங்கும் நாளில் கையிலிருந்து போகும் பணம் அது. இவை தோராயக் கணக்குகள். வரி எவ்வளவு, எந்தத் தொகையின் மீது போடப்பட்டது என்பதை உங்கள் ஷோரூம் தரும் கொட்டேஷனிலேயே தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புது மாடல் பழைய விலையிலேயே, அல்லது அதையொட்டிய அறிமுக விலையில் வரலாம். 2024 நவம்பரில் வந்த மாருதியின் புதிய டிசையரின் தொடக்க விலை 6.79 லட்சம்தான், ஆனால் அது அந்த டிசம்பர் 31 வரைக்கும் என்று முதலிலேயே சொல்லித்தான் விற்றார்கள். புது மாடல் நெருங்க நெருங்கப் பழைய ஸ்டாக்கின் தள்ளுபடி இன்னும் ஏறுவதும் உண்டு. அப்போது நிறத்தையும் வேரியன்டையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது, மிஞ்சியதை எடுக்க வேண்டியதுதான்.

பழைய காருக்கு 48,000 செலவழித்துவிட்டுக் காத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வண்டியை விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வராது. வேறொரு குடும்பத்துக்கு இதை ஒரு வழியாகச் சொல்லியிருப்பேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இனியும் சில வாரங்கள் அந்தக் காரையே ஓட்ட வேண்டியிருந்தால் கிளட்ச்சை மட்டும் சரிசெய்துகொண்டு, டயாலிசிஸ் நாட்களில் வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசேல் பயம் உங்களுக்குப் பொருந்துமா?

புது மாடல் வந்ததும் பழையதன் சந்தை மதிப்பு இறங்கும் என்பது உண்மை. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை கார் மாற்றுகிறவருக்கு அது பெரிய இழப்பு. நீங்களோ ஒரே காரைப் பத்தாண்டுக்கு மேல் ஓட்டியவர். அத்தனை காலம் கழித்து விற்கும்போது, அது மறுவடிவத்துக்கு முந்தையதா பிந்தையதா என்பதைவிட, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் தயாரிப்பு ஆண்டு வேறு விஷயம். இந்த ஆண்டு பதிவு செய்தாலும் ஆர்.சி.யில் சென்ற ஆண்டுதான் தயாரிப்பு ஆண்டாக இருக்கும். நாளை விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் கேட்பார். எனவே 65,000 ரூபாயில் ஒரு பகுதி, ஓராண்டு பழசானதற்கு அவர்கள் கொடுத்தே ஆக வேண்டிய விலைக்குறைப்பு; அதைச் சலுகை என்று சொல்ல மாட்டேன். இந்த அடிப்படையில் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

காத்திருக்க நியாயமான ஒரே காரணம்

மறுவடிவம் என்ற பெயரில் வருவனவெல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் முகப்பும் விளக்கும் திரையும்தான் மாறும், சிலவற்றில் உடற்கூடே பலப்படுத்தப்படும். 2022-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அப்போதைய ஸ்விஃப்ட் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டிசையர், 2024-இல் புதிய தலைமுறையாக வந்தபோது பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்த ஆண்டு கோடையில் ஒருவர் பழைய டிசையரை வாங்கலாமா என்று கேட்டிருந்தால், காத்திருங்கள் என்று சொல்லியிருந்தால் அது நல்ல ஆலோசனையாக இருந்திருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் போய் மூன்று சிலிண்டர் வந்துவிட்டதே என்று குறைபட்டவர்களும் உண்டு. புது மாடலில் எல்லாமே கூடுதலாக இருக்கும் என்பதும் இல்லை.

வெறும் "ஃபேஸ்லிஃப்ட்" (முகப்பு மாற்றம்) என்று சொல்லப்படுவதிலும் சில சமயம் முக்கியமான மாற்றம் ஒளிந்திருக்கும். 2023 செப்டம்பரில் வந்த டாடா நெக்ஸான் ஃபேஸ்லிஃப்டில் எல்லா வேரியன்டுக்கும் ஆறு ஏர்பேக் கொடுத்தார்கள்.

ஆகவே நீங்கள் புக் செய்த காரின், அதே வேரியன்டின், பாதுகாப்புத் தகுதியைப் பாருங்கள். நம் நாட்டு மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப்பின் சோதனைகள் 2023 அக்டோபரிலிருந்து நடக்கின்றன. முடிவுகள் அதன் இணையதளத்தில் கிடைக்கும். பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை, எத்தனை ஏர்பேக், வண்டி வழுக்கும்போது கட்டுக்குள் வைக்கும் இ.எஸ்.சி. இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் நெடுஞ்சாலையில் நோயாளியோடு போகிற குடும்பம் உங்களுடையது. இந்தக் கார் சோதனையில் மோசமாகத் தேறியிருந்தாலோ, உங்கள் வேரியன்டில் இரண்டே ஏர்பேக் இருந்தாலோ, வாங்காதீர்கள். அதற்காகப் புது மாடலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இதே விலையில் நல்ல மதிப்பெண் பெற்ற வேறு கார்கள் இன்றைக்கே கிடைக்கின்றன. "இதுவா, இதன் அடுத்த மாடலா" என்ற இரண்டுக்குள்ளேயே வீட்டுப் பேச்சு சுற்றிக்கொண்டிருப்பதால் இந்த மூன்றாவது வழி உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு பயங்களுக்கும் சுருக்கமாகப் பதில். உதிரிபாகம்: மாடல் மாறுவதால் பாகங்கள் மறுநாளே மறைந்துவிடுவதில்லை. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. அதன் பிறகும் பழைய வாடிக்கையாளர்களுக்கு சர்வீஸும் பாகங்களும் தொடர்ந்தன. கடையை மூடிய நிறுவனத்தின் கார்களுக்கே அப்படியென்றால், தொடர்ந்து விற்கப்போகும் ஒரு நிறுவனத்தின் பழைய மாடலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. முதல் வருடக் கோளாறு: இதில் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பரிசோதிக்க மாருதி 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, புதிதாக வந்த கிராண்ட் விட்டாராவும் அந்தப் பட்டியலில் இருந்தது, ஆண்டுக்கணக்கில் விற்பனையில் இருந்த ஈகோவும் இருந்தது. குறை ஒரு பாகத்தில் இருந்தால் அது மாடலின் வயதைப் பார்த்து வருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, பாதுகாப்புக்கு ஊறு செய்யும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெற அரசே உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.

மறைத்து விற்றதற்கு நஷ்டஈடு?

இந்த இடத்தில் உங்கள் எதிர்பார்ப்பைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. அடுத்த மாடல் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கடமை எந்தக் கார் நிறுவனத்துக்கும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில், பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் பேசாமல் இருப்பது மட்டுமே மோசடியாகாது என்று விளக்கம் தருகிறது. விற்பனையாளருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கவும் வாய்ப்பு அதிகம். எனவே நீங்கள் வாங்கிய அடுத்த மாதமே புது மாடல் வந்தாலும், அதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்காது. வாங்கிய பிறகு விலை குறைந்தாலும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் டெலிவரி எடுத்தவர்கள் செப்டம்பர் வரிக்குறைப்பைத் திரும்பக் கேட்க முடியவில்லை.

தெரிந்தே சொன்ன பொய் வேறு. புது மாடல் உறுதி என்று தெரிந்துகொண்டே "இரண்டு வருடத்துக்கு மாற்றமே கிடையாது" என்று சொல்லி உங்களை வாங்க வைத்தால் அது பொய்யுரை. வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம் என்பதால், இந்தக் கேள்வியை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆண்டுத் தயாரிப்பை இந்த ஆண்டுத் தயாரிப்பு என்று விற்பதும், டெமோ வண்டியைப் புத்தம் புதியது என்று தருவதும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு சொல்லும் முறையற்ற வணிக நடைமுறைக்குள் நேராக வரும். சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்பது அங்கேதான். அதனால் உங்கள் கவனமும் அங்கே இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முன்

வண்டி ஷோரூமில் இருக்கும்போதே, பதிவுக்கு முன்பே, நேரில் போய்ப் பாருங்கள். பதிவு நடந்துவிட்டால் நீங்கள் முதல் உரிமையாளர். அதற்குப் பின் வண்டியையே மாற்றித் தரச் சொல்லி வெல்வது நெடிய போராட்டம். சேசிஸ் எண்ணில் தயாரிப்பு ஆண்டும் மாதமும் குறியீடாக இருக்கும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், தயாரிப்பு மாதத்தை எழுத்தில் தரச் சொல்லி, விற்பனைச் சான்றான படிவம் 21-இல் உள்ளதோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 4725 என்றால் 2025-இன் 47-ஆம் வாரம். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்பதால் பேட்டரியைப் பரிசோதித்துத் தரச் சொல்லுங்கள். வாரன்டி தயாரிப்பு நாளிலிருந்து அல்லாமல் உங்களுக்கு விற்ற நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை வாரன்டி அட்டையில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தள்ளுபடி 65,000 என்பதில் ரொக்கக் குறைப்பு எவ்வளவு, பழைய காரைக் கொடுத்தால் மட்டும் கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, துணைக்கருவிகளாகத் தருவது எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். சொன்ன தொகையில் பாதி இந்த இடத்தில் கரைந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு பேசினால் அவர்களே குறைப்பார்கள். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று தனியாக ஒன்று இருந்தால், எதற்கு என்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.

அந்த 11,000 ரூபாய்

"திருப்பித் தரும் வழக்கமில்லை" என்பதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை; நீங்கள் கையெழுத்திட்ட புக்கிங் படிவத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ரத்துக் கட்டணம் என்று ஒரு தொகை குறிப்பிட்டிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். எதுவும் குறிப்பிடவில்லை என்றால், இன்வாய்ஸ் போடாத, உங்கள் பெயரில் பதிவு செய்யாத வண்டிக்காக முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வதற்கு அவர்களிடம் நியாயம் இருக்காது. முழுத்தொகையையும் பறிக்கும் நிபந்தனையே அச்சிட்டிருந்தாலும், அவர்களுக்கு நேர்ந்த இழப்புக்குப் பொருத்தமில்லாத அபராதம் என்று அதை எதிர்க்கலாம். "டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்" என்ற வரி அந்தப் படிவத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; அநேகமாக இருக்கும், அப்படியென்றால் மாதக் கடைசி தாண்டினால் இன்றைய விலைக்கு உத்தரவாதம் இல்லை.

ரத்து செய்வதாக முடிவெடுத்தால் போனில் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். புக்கிங் எண்ணும் ரசீது நாளும் குறிப்பிட்டு, பதினைந்து நாளுக்குள் பணத்தை எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பதையும் எழுதி, ஷோரூமுக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். இந்த அளவுத் தொகைகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால், ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தாக்கல் செய்யலாம். ஐந்து லட்சம் வரையிலான பரிவர்த்தனைக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வண்டியை எடுப்பதானாலும் சரி, ரத்து செய்வதானாலும் சரி, புக்கிங் படிவத்தின் நகல் உங்கள் கையில் இல்லையென்றால் நாளைக்கே போய் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
வழக்கறிஞர்